மகள் வளர்ந்த இல்லத்தைப் பார்க்க சீனா போகிறோம்: போய் வந்தவர்கள் சொல்லுங்கள்

கொன்றை | ஒஹாயோ | 8 பிப்ரவரி 2025

அனைவருக்கும் வணக்கம். ரொம்ப நாளாகப் படிக்க மட்டும் வருகிறவள், இன்றுதான் முதல்முறை எழுதுகிறேன்.

எங்கள் மகளுக்கு அடுத்த மாதம் ஒன்பது வயது நிறைகிறது. சீனாவின் ஹெனான் மாகாணத்தில் ஒரு சின்ன ஊரில், உதடும் அண்ணமும் பிளந்து பிறந்த குழந்தையாக, ஆதரவற்ற குழந்தைகள் இல்லத்துக்கு வந்து சேர்ந்தவள். 2018 கோடையில் ஜெங்சோ நகரத்தில் வைத்து எங்களுக்குத் தத்துக் கொடுத்தார்கள். அப்போது அவளுக்கு இரண்டேகால் வயது. உதட்டுக்கு முதல் அறுவை நடந்ததே இங்கே வந்த பிறகுதான். இல்லத்தை ஒருமுறை பார்க்க வேண்டும் என்று அன்றைக்கே கேட்டோம். தூரம் அதிகம், தோதுப்படாது என்று சொல்லிவிட்டார்கள். நாங்களும் வற்புறுத்தவில்லை. அதை நினைத்து இப்போது வருத்தப்படுகிறேன்.

போன வாரம் ராத்திரி படுக்கும்போது அவளாகவே கேட்டாள். "நான் அங்கே படுத்திருந்த கட்டில் இன்னும் இருக்குமா? இல்ல வேற பாப்பாவுக்குக் கொடுத்திருப்பாங்களா?" என்னிடம் பதில் இல்லை.

வரும் ஜூலையில் போகலாம் என்று எனக்கு ஆசை. இன்னும் நாலைந்து வருடம் போகட்டும் என்கிறார் கணவர். 2024 செப்டம்பரில் வெளிநாட்டினருக்குத் தத்துக் கொடுப்பதையே சீனா நிறுத்திவிட்டதால், இனி பார்க்கவாவது விடுவார்களா என்ற பயமும் சேர்ந்துகொண்டது. யாரிடம் அனுமதி வாங்குவது? அவளுடைய கோப்பைக் காட்டுவார்களா? ஒன்பது வயது சின்ன வயதா? போய் வந்தவர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள்.

முத்துநதி | ஃபோஷான் | 8 பிப்ரவரி 2025

வாங்க சகோதரி. பதினாலு வருடமாக இங்கே சீனாவில் டைல்ஸ் வியாபாரம். எனக்குப் பிள்ளைகளைத் தத்தெடுத்த அனுபவம் இல்லை. ஆனால் இரண்டு குடும்பங்களுக்கு மொழிபெயர்க்கக் கூடவே போயிருக்கிறேன், ஒன்று குவாங்சிக்கு, ஒன்று ஹெனானுக்கே. அதனால் வேலை நடக்கும் விதத்தை மட்டும் சொல்கிறேன்.

சட்டம் மாறியதால் பயப்பட வேண்டாம். அன்றைக்கு வெளியுறவுத் துறைப் பேச்சாளர் மாவ் நிங் சொன்னது இனிமேல் தத்துக் கொடுப்பது பற்றி. மூன்று தலைமுறைக்குள் ரத்த உறவு உள்ளவர்களின் பிள்ளையையோ, கணவர் அல்லது மனைவியின் முந்தைய பிள்ளையையோ தத்தெடுப்பவர்களுக்கு மட்டும் விலக்கு. ஏற்கெனவே போன பிள்ளைகள் திரும்பி வந்து பார்ப்பது வேறு விஷயம். பெய்ஜிங்கில் உள்ள குழந்தைகள் நலன், தத்தெடுப்பு மையத்துக்கு உங்கள் தத்து ஏஜென்சி மூலம் எழுதுங்கள். அங்கிருந்து மாகாணத்துக்கும், பிறகு ஊர் நிர்வாகத்துக்கும் போகும். மாதக்கணக்கில் ஆகும், இப்போதே ஆரம்பியுங்கள். சும்மா வாசலில் போய் நின்றால் காவலாளியைத் தாண்ட முடியாது.

இன்னொன்று முக்கியம். உங்கள் இல்லம் அதே இடத்தில் இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். 2021க்குப் பிறகு சிறிய ஊர்களின் குழந்தை இல்லங்களை மூடி, பிள்ளைகளை மாநகர இல்லங்களுக்கு மாற்றுகிறார்கள். பழைய கட்டடம் முதியோர் இல்லமாகவோ வேறு அலுவலகமாகவோ ஆகியிருக்கலாம். கோப்பு ஓரிடத்திலும் வளர்த்தவர்கள் வேறிடத்திலும் இருப்பது இப்போது சகஜம்.

விசாவுக்கு மகளின் பழைய சீனப் பாஸ்போர்ட்டைக் கேட்பார்கள், அவளைத் தூக்கி வந்தபோது கொடுத்த அந்தச் சிவப்புப் புத்தகத்தைத்தான். அலமாரியில் தேடி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வந்த பிறகு 24 மணி நேரத்துக்குள் தங்கும் இடத்தைப் போலீசில் பதிவு செய்ய வேண்டும், ஹோட்டல் என்றால் அவர்களே செய்துவிடுவார்கள். காசுக்குக் கைப்பேசியில் அலிபே செயலி போதும், இளநீர் விற்கிறவர்கூட அதில்தான் வாங்குகிறார்.

அப்புறம், உங்கள் பயணத் திட்டத்தில் அந்த ஊருக்கு ஒரு நாள் மட்டும் ஒதுக்காதீர்கள். முதல் நாள் முழுக்க டீயும் தர்பூசணியும் விருந்துமாகவே போய்விடும். அவர்கள் வாய் திறப்பது இரண்டாம் நாள்தான்.

மாடத்து விளக்கு | நியூஜெர்சி | 9 பிப்ரவரி 2025

கொன்றை, உங்கள் மகள் கட்டிலைக் கேட்டாள் என்று படித்ததும் என்னால் எழுதாமல் இருக்க முடியவில்லை. நாங்கள் 2024 ஜூனில் போய் வந்தோம். மகளுக்கு அப்போது பதினாறு முடிந்து பதினேழு நடக்கிறது. ஜியாங்சி மாகாணத்தின் தெற்கு மூலை, மலையும் ஆரஞ்சுத் தோட்டமுமான பகுதி. ஊர்ப் பெயர் வேண்டாம்.

2008 அக்டோபரில் நான்சாங் நகரத்து ஹோட்டல் ஒன்றில்தான் அவளைப் பார்த்தோம். ஒரே வேனில் ஐந்து குழந்தைகளைக் கொண்டுவந்தார்கள். பத்து நிமிடம், அவ்வளவுதான். உள்ளே மூன்று சட்டை போட்டு அவளுக்கு வியர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது. தூக்கி வந்த பெண் என்னிடம் நீளமாக என்னவோ சொன்னாள். மொழிபெயர்த்தவர், "நன்றாகச் சாப்பிடுவாள் என்கிறார்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். இல்லத்துக்கான நன்கொடை 3,000 டாலரை, மடங்காத புது நோட்டாக, உறையில் வைத்துக் கொடுத்தோம். அப்புறம் குவாங்சோவில் விசாவுக்காகக் காத்திருப்பு, வைட் ஸ்வான் ஹோட்டலின் சிவப்பு சோபாவில் மற்றக் குழந்தைகளோடு உட்கார வைத்து ஒரு படம். அந்தப் படத்தை எத்தனையோ வருடம் கூடத்தில் மாட்டி வைத்திருந்தோம். அதில் அவள் அழுதுகொண்டிருக்கிறாள் என்பதைப் பன்னிரண்டு வயதில் அவளே சுட்டிக்காட்டினாள். எங்கள் கண்ணில் அதுவரை படவே இல்லை.

இப்போது நான்சாங்கிலிருந்து வேக ரயிலில் இரண்டு மணி நேரம். முத்துநதி சொன்ன மாதிரியே, எங்கள் ஊர் இல்லத்தைக் குழந்தைகளுக்கென்று நடத்துவது நின்றுவிட்டது. கோப்புகள் மாநகர இல்லத்தில். அங்கே முதலில் வரவேற்பு அறை, பச்சைத் தேயிலை, ஒரு பெரிய மேசை. ஒரு அதிகாரி பழுப்பு நிற உறையைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். கனம் குறைவு, மொத்தமே ஒன்பது தாள். மகள் தன் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அதில் ஒரு சிவப்புத் தாள் இருந்தது. நம்மூர் மளிகைக்கடைச் சீட்டு அளவுதான் இருக்கும். பால்பாயின்ட் பேனாவில் ஒரே வரி: ஏழாம் மாதம், பத்தாம் நாள். பெயர் இல்லை, ஊர் இல்லை. குழந்தையை விட்டுப் போவது அங்கே தண்டனைக்குரிய குற்றம், அதனால் யாரும் பெயர் எழுத மாட்டார்கள். பிறந்த நாளை மட்டும் விடாமல் அந்தத் தாய் எழுதியிருக்கிறாள், அல்லது தகப்பன் எழுதியிருக்கிறார். யார் கையெழுத்து என்று தெரியாது.

எங்களிடம் இருந்த சான்றிதழில் பிறந்த தேதி 2007 ஜூலை 10. அந்தத் தாளைப் பார்த்துத்தான் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக் கடந்து போயிருப்போம். மகள்தான் அடுத்த தாளை மொழிபெயர்க்கச் சொன்னாள், இல்லத்தில் சேர்த்த அன்றைய மருத்துவக் குறிப்பு. கண்டெடுத்தது ஆகஸ்ட் 26. எடை 2.9 கிலோ. 'தொப்புள்கொடி இன்னும் விழவில்லை.'

ஜூலை 10இல் பிறந்த குழந்தைக்கு ஆகஸ்ட் 26இல் எப்படித் தொப்புள்கொடி இருக்கும்? எங்களோடு வந்த மொழிபெயர்ப்பாளர் சின்னப் பெண், கைப்பேசியில் பழைய நாட்காட்டியைத் திறந்து பார்த்தாள். கிராமத்தில் பிறந்த நாளைச் சந்திர மாதக் கணக்கில்தான் எழுதுவார்கள். 2007இல் ஏழாம் சந்திர மாதத்தின் பத்தாம் நாள் ஆகஸ்ட் 22. அதாவது அவள் நாலு நாள் குழந்தையாகக் கிடைத்திருக்கிறாள். நாலு நாள் யாரோ அவளைக் கையில் வைத்துப் பாலூட்டியிருக்கிறார்கள். பதினைந்து வருடம் நாங்கள் தப்பான நாளில் கேக் வெட்டிக்கொண்டிருந்தோம்.

அந்த ஒன்பது தாளுக்காகவே போகலாம், கொன்றை. மீதியை நாளைக்கு எழுதுகிறேன். கை நடுங்குகிறது.

பழைய தபால்காரர் | கும்பகோணம் | 9 பிப்ரவரி 2025

அம்மா, படித்தேன், கண் கலங்கியது. ஆனாலும் பெரியவன் என்ற உரிமையில் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. குழந்தை நல்லபடியாக வளர்கிறது. அம்மா அப்பா என்று உங்களைத்தான் தெரியும். விட்டுப்போன இடத்தைத் தேடிக் கூட்டிக்கொண்டு போய், 'இங்கேதான் உன்னைப் போட்டுவிட்டுப் போனார்கள்' என்று காட்டுவது அந்தப் பிஞ்சு மனசைக் கிளறிவிடுவது ஆகாதா? ஆறின புண்ணை ஏன் சொறிய வேண்டும்? ஒன்பது வயதுக் குழந்தைக்கு இது தாங்குமா என்பதுதான் என் கவலை.

மாடத்து விளக்கு | நியூஜெர்சி | 10 பிப்ரவரி 2025

ஐயா, கோபமே இல்லை. என் மாமியாரும் இதையேதான் கேட்டார், அதுவும் பேத்தி மேல் உள்ள பாசத்தில்தான். ஆனால் புண் ஆறிவிட்டது என்று நாம்தான் நினைத்துக்கொள்கிறோம். என் மகள் ஏழு வயதில் பள்ளியில் 'குழந்தையாக இருந்தபோது' என்று ஒரு படம் கொண்டுவரச் சொன்னார்கள். முதல் பதினாலு மாதத்துக்கு எங்களிடம் இருந்தது பாஸ்போர்ட் அளவில் இரண்டே படம். அன்றைக்குக் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அவளுக்குள்ளே அந்தக் கேள்வி எப்போதும் இருந்தது. நாங்கள் கேட்கவில்லை என்பதால் அவள் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

'போட்டுவிட்டுப் போனார்கள்' என்ற வார்த்தையை எங்கள் வீட்டில் சொல்வதில்லை. அந்தக் காலத்துச் சட்டத்தைப் பாருங்கள். கிராமத்தில் முதல் குழந்தை பெண் என்றால் இன்னொன்று பெற்றுக்கொள்ள பல மாகாணங்களில் அனுமதி உண்டு. அந்த இரண்டாவதும் பெண்ணாகப் பிறந்துவிட்டால் குடும்பத்துக்கு வழி இல்லை. மீறிப் பெற்றால் பல வருட வருமானத்தை அபராதமாகக் கேட்பார்கள். பக்கத்து வீட்டுக்காரர் எடுத்து வளர்க்கலாமே என்றால், 1992இல் வந்த தத்தெடுப்புச் சட்டப்படி வளர்க்கிறவருக்கு 35 வயதாகியிருக்க வேண்டும், சொந்தப் பிள்ளை இருக்கக் கூடாது. 1999இல்தான் அந்த வயது 30 ஆகக் குறைந்தது. ஆசையாக வளர்க்க ஊரிலேயே ஆள் இருந்தும் எத்தனையோ குழந்தைகள் இல்லத்துக்கு வந்ததற்கு இதுவும் காரணம். 1992 முதல் 1,60,000க்கும் மேற்பட்ட பிள்ளைகள் வெளிநாடு போனார்கள், அதில் ஏறக்குறைய பாதி அமெரிக்காவுக்கு. ஒரே ஒரு தாயின் மனசைக் குற்றம் சொல்லி முடிக்கிற விஷயமா இது?

சரி, விட்ட இடத்துக்கு வருகிறேன்.

இரண்டாம் நாள் பழைய கட்டடத்துக்குப் போனோம். இப்போது முதியோர் மட்டும். முற்றத்தில் ஓலை விசிறியோடு தாத்தாக்கள் உட்கார்ந்திருந்தார்கள். மாடியில் குழந்தைகள் இருந்த அறையில் இப்போது பழைய நாற்காலிகள் அடுக்கி வைத்திருக்கிறார்கள். மகள் நேரே ஜன்னலுக்குப் போய் நின்றாள். அந்த இரண்டு படத்தில் ஒன்றில் அவளுக்குப் பின்னால் ஒரு பச்சைக் கம்பி ஜன்னல் தெரியும். அதே கம்பி. பச்சை உரிந்து துரு ஏறியிருந்தது. விரலால் தடவிப் பார்த்து, உரிந்த பெயின்ட் ஒரு துணுக்கை டிஷ்யூவில் மடித்து வைத்துக்கொண்டாள்.

காவலாளி யாருக்கோ போன் போட்டார். அரை மணியில் மின்சார ஸ்கூட்டரில் ஒரு அம்மா வந்து இறங்கினார். அறுபத்தைந்து வயது இருக்கும், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற பெண்களை அங்கே 'ஆயி' என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவர்கள் பாஷையில் அம்மாவின் சகோதரி என்று அர்த்தம், நம் சித்தி மாதிரி. எங்கள் ஊர்ப் பக்கம் ஆயி என்றால் பெற்றவளையே சொல்வோம். முதல் தடவை அந்தச் சொல்லைக் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

நாங்கள் ஆல்பம் கொண்டுபோயிருந்தோம். பள்ளி, நீச்சல், பொங்கல், பல் விழுந்தது, எல்லாம். ஆயி பொறுமையாகப் புரட்டினார், முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. 2008இல் ஹோட்டலில் எடுத்த படம் வந்தது. சட்டென்று தன் இடது காது மடலைப் பிடித்துக்கொண்டார். படத்தைக் காட்டி, காதைக் காட்டி, மகளைக் காட்டி வேகமாகப் பேசினார். மொழிபெயர்ப்பாளர் பெண்ணுக்கே அந்த வட்டார மொழி பாதிதான் புரிந்தது. விஷயம் இதுதான்: பகல் வேளையில் பன்னிரண்டு குழந்தைகளுக்கு இவர் ஒருவர். எல்லாரையும் தூக்க முடியாது. பால் புட்டியை மடித்த துணியில் முட்டுக்கொடுத்து வைத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார். இவள் மட்டும் அவர் குனியும்போது காதைப் பிடித்துக்கொண்டு விடமாட்டாளாம்.

என் மகள் நாலு வயது வரை என் காது மடலைப் பிடித்துக்கொண்டுதான் தூங்கினாள். அது எங்கிருந்து வந்த பழக்கம் என்று எங்களுக்குத் தெரியாது. அந்த ஹோட்டலில் இந்த ஆயிதான் என்னிடம் அவ்வளவு நேரம் பேசியவர். இதைத்தான் சொல்லியிருப்பாரோ என்னவோ. கேட்டேன், அவருக்கு ஞாபகம் இல்லை.

இன்னொன்றும் சொன்னார். 2008 ஜனவரியில் தெற்குச் சீனாவை உறைய வைத்த பனிப்புயல் உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கலாம். ஜியாங்சியிலும் மின்கம்பிகள் பனிக்கட்டியின் பாரத்தில் அறுந்து விழுந்தன. இந்த ஊரிலும் கரண்ட் இல்லை. ஒரு கட்டிலில் இரண்டு குழந்தைகளைச் சேர்த்துப் போட்டு, மேலே ரஜாய், நடுவில் வெந்நீர் நிரப்பிய புட்டி. அந்த ராத்திரிகளில் ஆயிகள் வீட்டுக்கே போகவில்லை. என் மகளுக்கு அப்போது ஐந்து மாதம். அந்தக் குளிரைப் பற்றி அந்த ஒன்பது தாளில் ஒரு எழுத்தும் இல்லை. இந்த அம்மா இல்லாவிட்டால் எங்களுக்குத் தெரிந்தே இருக்காது. அவருக்கு மூட்டு வலி, மாடி ஏறவே சிரமப்பட்டார். இன்னும் நாலைந்து வருடம் போகட்டும் என்கிற உங்கள் கணவரிடம் இதைச் சொல்லுங்கள், கொன்றை.

வன்னிக்காடு | நெதர்லாந்து | 10 பிப்ரவரி 2025

அக்கா, உங்கட அனுபவம் வாசிக்க மனம் நிறைஞ்சது. ஆனால் கொன்றைக்கு மற்றப் பக்கமும் தெரிய வேணும், அதனால் எழுதுகிறேன்.

எங்கட பிள்ளை ஹுனான் மாகாணம். 2004இல் வந்தவள். 2013இல், அவளுக்கு ஒன்பதரை வயதில், கூட்டிக்கொண்டு போனோம். எல்லாம் நல்லாத்தான் திட்டமிட்டனாங்கள். இல்லத்து வாசலில் வான் நின்றதும் பிள்ளை இறங்க மாட்டன் என்றுவிட்டாள். அழவில்லை, கத்தவில்லை. சீட்டைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். உள்ளே பட்டாசு எல்லாம் வைத்துக்கொண்டு காத்திருந்தவை. கணவர் மட்டும் உள்ளே போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார். நானும் பிள்ளையும் வானுக்குள் இரண்டு மணித்தியாலம் சீட்டு விளையாடினோம். பிறகு ஒரு நாள், பதினைந்து வயதில் சொன்னாள், "உள்ளே போனால் என்னைத் திருப்பி வாங்கிக்கொள்ளுவினம் என்று பயந்தனான்" என்று. எங்களுக்கு அது மனதில் தட்டவே இல்லை. திரும்பி வருவதற்கான விமான டிக்கெட்டில் அவளின்ர பெயர் இருக்கிறதைப் புறப்பட முதலே காட்டியிருக்க வேணும். கொன்றை, நீங்கள் கட்டாயம் காட்டுங்கோ.

அடுத்தது கோப்பு. கோப்பில் இருப்பது எல்லாம் உண்மை என்று நம்ப வேண்டாம். 2005 கடைசியில் ஹுனானில் ஹெங்யாங் பக்கத்து இல்லங்கள் சில, குவாங்டாங்கில் இருந்து கொண்டுவந்த குழந்தைகளைக் காசு கொடுத்து வாங்கினது வெளியில் வந்தது. அடுத்த வருடம் வழக்கு முடிந்து ஆட்கள் சிறைக்குப் போனார்கள். 2011இல் அதே மாகாணத்தில் லோங்ஹுவேயில், குடும்பக் கட்டுப்பாட்டு அதிகாரிகளே வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைப் பறித்து இல்லத்தில் சேர்த்த கதையைச் சீனாவின் சாய்ஷின் பத்திரிகை எழுதினது. அந்தப் பிள்ளைகளின்ர தாள்களிலும் 'கண்டெடுத்தது' என்றுதான் இருந்தது. எங்கட பிள்ளை அந்த இல்லங்களில் இருந்தவள் இல்லை. எண்டாலும் அவளின்ர கோப்பில் மூன்று பிள்ளைகளுக்கு ஒரே வசனம், ஒரே வாசல், ஒரே ஆள் கண்டெடுத்ததாக எழுதியிருக்கு. பார்த்த நாளில் இருந்து நித்திரை குறைவு.

எங்கட நாட்டுக் கதையும் இதுதானே. 1980களில் இலங்கையில் இருந்து நெதர்லாந்துக்கு வந்த பிள்ளைகள் ஆயிரக்கணக்கில். இப்ப வளர்ந்து, தாயைத் தேடிப் போனால் தாளில் உள்ள பெண் தாயே இல்லை. 2021 பிப்ரவரியில் இந்த நாட்டு அரசாங்கம் வெளிநாட்டுத் தத்தை நிறுத்தி வைத்ததற்கு அந்தப் பிள்ளைகளின்ர குரலும் ஒரு காரணம். அதனால் போங்கோ, கட்டாயம் போங்கோ. ஆனால் தாளை மட்டும் நம்பிப் பிள்ளைக்குக் கதை கட்டிவிடாதேங்கோ. 'தாளில் இப்படி இருக்கு' என்று மட்டும் சொல்லுங்கோ.

மாடத்து விளக்கு | நியூஜெர்சி | 10 பிப்ரவரி 2025

வன்னிக்காடு சொல்வது நூற்றுக்கு நூறு சரி. நான் எழுதாமல் விட்டதை இப்போது எழுதிவிடுகிறேன். எங்களுக்கு அன்று தந்த சான்றிதழில் அவள் கிடைத்த இடம் 'அரசு மருத்துவமனை வாசல்'. கோப்பிலிருந்த போலீஸ் குறிப்பில் 'காய்கறிச் சந்தையின் கிழக்கு மூலை'. எது சரி என்று கேட்டோம். அந்த அதிகாரி பழைய ஆட்கள் மாறிவிட்டார்கள் என்றார், சிரித்தார், டீ ஊற்றினார். மூன்றாம் நாள் இரண்டு இடத்துக்கும் போனோம். சந்தையில் கீரை விற்கிற ஒரு பாட்டி மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, இந்த மூலையில் அந்த வருடங்களில் நிறையக் குழந்தைகள் கிடைத்தன, விடியற்காலையில் சத்தம் கேட்கும் என்றார். அவ்வளவுதான் கிடைத்தது. மகள் அந்தப் பாட்டியிடம் இரண்டு கட்டுக் கீரை வாங்கினாள். ஹோட்டலில் அதை என்ன செய்வது என்று தெரியாமல் வரவேற்பில் இருந்த பெண்ணிடம் கொடுத்தோம்.

கொன்றை | ஒஹாயோ | 11 பிப்ரவரி 2025

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்வது. இரண்டு நாளாக இதைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன், கணவரும் உட்கார்ந்து படித்தார். டிக்கெட்டைக் காட்டச் சொன்னது பெரிய உதவி, அந்தப் பயம் இவளுக்கும் இருக்கலாம் என்று இப்போதுதான் புரிகிறது.

ஒரு சந்தேகம். பெற்றவர்களைத் தேட டிஎன்ஏ கொடுக்கலாமா? போகும்போதே கொடுத்துவிட வேண்டுமா?

முத்துநதி | ஃபோஷான் | 11 பிப்ரவரி 2025

வழி இருக்கிறது. காணாமல் போன, கடத்தப்பட்ட பிள்ளைகளுக்காகச் சீனப் போலீஸ் 2009 முதல் நாடு முழுவதற்குமான டிஎன்ஏ தொகுப்பு வைத்திருக்கிறது. வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைகளும் இங்கே வந்து ரத்தம் கொடுத்திருக்கிறார்கள். 'பாவ்பே ஹுய்ஜியா' என்று ஒரு தன்னார்வ அமைப்பு, 'குழந்தை வீடு திரும்புகிறது' என்று அர்த்தம். 2007இல் ஜிலின் மாகாணத்தில் ஒரு தம்பதி தொடங்கியது. காசு வாங்குவதில்லை. ஊர் ஊராக அவர்களுக்கு ஆள் உண்டு.

ஆனால் சகோதரி, அது உங்கள் மகளின் ரத்தம். ஒன்பது வயதில் அவளுக்காக நீங்கள் முடிவெடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. நான் குவாங்சிக்குக் கூட்டிப்போன குடும்பத்தில் அப்பாவுக்கு ஒரே வேகம், மறுநாளே உள்ளூர்த் தொலைக்காட்சியில் பேட்டி, பெண்ணின் குழந்தைப் படம் ஊரெல்லாம். ஒரு வாரத்தில் ஏழு குடும்பம் எங்கள் பிள்ளைதான் என்று வந்து நின்றது. ஏழுமே இல்லை. ஹோட்டல் வரவேற்பில் அந்த ஏழு அம்மாக்களும் அந்தப் பெண்ணின் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன். அவர்களில் ஒருவர் தன் சொந்த மகளுக்குப் பின்னிய கம்பளிச் சட்டையைக் கொண்டுவந்திருந்தார், கைக்குழந்தை அளவு. அந்தப் பெண்ணுக்குப் பதிமூன்று வயது. இரண்டு நாள் சாப்பிடவில்லை.

இந்த முறை இடத்தையும் ஆட்களையும் பார்த்துவிட்டு வாருங்கள். ரத்தம் கொடுப்பதை அவள் வளர்ந்து கேட்கட்டும்.

பரிசு பற்றி யாரும் சொல்லவில்லை. விலை உயர்ந்தது வேண்டாம். என்ன தேவை என்று முன்கூட்டியே கேளுங்கள், பெரும்பாலும் டயப்பர், பால் பவுடர் என்பார்கள். அதை அந்த ஊர்க் கடையிலேயே வாங்கலாம். அங்கே இருக்கும் மற்றப் பிள்ளைகளைப் படம் எடுக்காதீர்கள். இப்போது இல்லத்தில் இருப்பவர்கள் பெரும்பாலும் நடக்க முடியாத, பேச முடியாத பிள்ளைகள். உங்கள் மகள் அவர்களைப் பார்த்து, 'இவங்களை ஏன் யாரும் கூட்டிட்டுப் போகலை' என்று கேட்பாள். ஹெனான் போனபோது அந்த வீட்டுப் பிள்ளை கேட்டது. அதற்கு மனதைத் தயார் செய்துகொண்டு போங்கள்.

பழைய தபால்காரர் | கும்பகோணம் | 11 பிப்ரவரி 2025

முந்தாநாள் நான் எழுதியதை நினைத்து ராத்திரி தூக்கம் இல்லை. அந்த வேன் கதை என்னை உலுக்கிவிட்டது. குழந்தை வாய்விட்டுச் சொல்லாததால் மனசில் ஒன்றும் இல்லை என்று நினைத்தது என் தப்பு.

1992இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்த புதிதில் எங்கள் தபால் நிலையத்தில் அதைப் பற்றி எவ்வளவோ பேசினோம். விட்டுப்போகிறவளைப் பற்றித்தான் ஆளாளுக்குப் பேசினோமே தவிர, அந்தத் தொட்டிலில் கிடந்த குழந்தை பெரியவளாகி வந்து அந்தத் தொட்டிலைக் கேட்பாள் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. போய் வாருங்கள் அம்மா. வந்ததும் எழுதுங்கள், காத்திருப்பேன்.

மாடத்து விளக்கு | நியூஜெர்சி | 12 பிப்ரவரி 2025

கொன்றை, என் மகளிடம் உங்கள் மகளைப் பற்றிச் சொன்னேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "கட்டில் இருக்காதுன்னு முன்னாடியே சொல்லிடச் சொல்லும்மா. இருந்தா சந்தோஷப்படட்டும். அப்புறம் அங்கே போய் நின்னதும் 'எப்படி இருக்கு, எப்படி இருக்கு'ன்னு அவ முகத்தையே பார்க்கக் கூடாது. நீ என்னை அப்படிப் பார்த்தே. எனக்கு அழுகை வந்துச்சு, ஆனா நீ பார்த்துட்டு இருந்ததால அழலை."

எனக்கு இது இப்போதுதான் தெரியும். எட்டு மாதம் கழித்து.

பாஸ்போர்ட்டில் ஜூலை 10 அப்படியே இருக்கிறது, மாற்ற வேண்டாம் என்றாள். ஆனால் போன ஆகஸ்ட் 22 அன்று காலையில் சமையலறைக்கு வந்து, "இன்னிக்குப் பாயசம் வைப்பியா?" என்று கேட்டாள். வைத்தேன். ஒரு கிண்ணத்தில் தனியாக எடுத்து ஜன்னல் ஓரம் வைத்தாள். யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

கொன்றை | ஒஹாயோ | 15 பிப்ரவரி 2025

ஏஜென்சிக்கு எழுதிவிட்டோம், ஜூலைக்கு அனுமதி கேட்டு. பழைய சீனப் பாஸ்போர்ட்டும் கிடைத்தது, கணவரின் சான்றிதழ்க் கோப்புக்குள் இருந்தது. இல்லம் இன்னும் அதே கட்டடத்தில் இருக்கிறதா என்று விசாரித்துச் சொல்கிறோம் என்றிருக்கிறார்கள்.

கட்டில் இல்லாமல் போகலாம் என்று மகளிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்போ என்னைப் பார்த்துக்கிட்டவங்க?" என்றாள். தேடுவோம் என்றேன். ஆயி என்ற சொல்லைச் சொல்லிக் கொடுத்தேன், இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

நேற்று ராத்திரி மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து ஆல்பம் ஒட்டினோம். அறுவைக்கு முந்தைய படங்களை நான் ஒரு உறையில் போட்டு மேல் தட்டில் வைத்திருந்தேன், பார்த்தால் சங்கடப்படுவாளோ என்று. அவள் நாற்காலி போட்டு ஏறி அதை எடுத்துவந்தாள். அந்த உறை அங்கே இருப்பது அவளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. பிளந்த உதட்டோடு சிரிக்கிற படத்தை எடுத்து முதல் பக்கத்தில், நடுவில் வைத்தாள். நான் என்னவோ சொல்ல வாயெடுத்தேன்.

"அவங்களுக்கு இந்த மூஞ்சிதாம்மா தெரியும்" என்று சொல்லிவிட்டுப் பசையை நீட்டினாள்.